மொளகா போட்ட கறுப்புச் சாக்லேட்டு

எடுத்துக்குங்க அம்மிணி. சும்மா எடுத்துக்குங்க. பஸ்ஸுல ஆராச்சும் எதாச்சும் குடுத்தா வாங்கித் திங்கக் கூடாதுன்னு சொல்லி வளத்தியிருப்பாங்க, அது செரித்தான். ஆனா நான் பையத் தொறந்து, காயிதத்தப் பிரிச்சு, ரெண்டா ஒடைக்கறதப் பாத்துட்டுத்தான இருந்தீங்க? இந்தப் பாதி எனக்கு, அந்தப் பாதி உங்களுக்கு. இதபாருங்க, நானே மொதல்ல வாயில போட்டுட்டேன்.

கடிக்காதீங்க. நாக்கு மேல வெச்சு அப்படியே வுட்டுருங்க. அதா கரையும். கசக்குதா? டார்க் சாக்லேட்டுன்னா கசக்குமாமா. இன்னும் சித்த நேரம் இருங்க... வந்துருச்சா? தொண்டைக்குப் பின்னால? தண்ணி குடிக்காதீங்க, குடிச்சா எச்சாத்தான் எரியும். மொளகாங்க அது. மொளகா போட்ட சாக்லேட்டு. முன்னாலயே சொல்லியிருக்கலாம். சொன்னா வாங்கியிருக்க மாட்டீங்க.

கோவிச்சுக்காதீங்க. பொள்ளாச்சி தாண்டி இப்பத்தான வந்திருக்கறோம், உடுமலைக்கு இன்னும் தூரம் கெடக்குது. இதுல ஒரு நாயம், ஒரு கதையே இருக்குது, கேளுங்க. கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு என்ற மேலயா, அவ மேலயான்னு. அவன்னா ஆரு? என்ற மருமக. கோகிலவாணின்னு பேரு. படிச்ச புள்ள, அமைதியான புள்ளைன்னு ஊரே சொல்லும். ஊருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிரும். ஒரே அடுப்படியில நிக்கறவளுக்குத்தான தெரியும்.

என்ற பேரு குணவதி. உடுமலைக்கு அந்தப் பக்கம் எங்க தோட்டம். எங்கூட்டுக்காரரு நாச்சிமுத்து, தென்னை பாக்கறாரு. பையன் தரணி, மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கறான். அவ்வளவுதான் குடும்பம். ஆனா எங்க சொந்தத்துல ஆரு வீட்டுல விசேசம்னாலும் என்ற பேரச் சொல்லாம அண்டா எறங்காது. கல்யாண வீட்டுல சமையக்காரங்க, "உப்புப் பாக்க ஆராச்சும் வாங்க"ன்னு சத்தம் போடுவாங்கல்லோ? எங்க சொந்தத்துல ஆராச்சுமெல்லாம் போக முடியாது. குணவதி அக்காதான் போகோணும். கரண்டியில அள்ளி உள்ளங்கையில ஊத்துவாங்க. நான் ஒரு நக்கு நக்கிட்டு, புளி இன்னொரு கொதி வரட்டும்னோ, பருப்பு பழசுன்னோ சொன்னா அது சொன்னதுதான். பருப்பு பழசுன்னு சொன்னதுக்கு ஒருக்கா ஒரு மளிகைக்கடைக்காரரு என்றகூடச் சண்டைக்கே வந்துட்டாரு. அப்பறம் மூட்டையப் பிரிச்சுப் பாத்தா வண்டு. அப்படி இருந்த நாக்குங்க இது.

போன ஆடியில ஒரு காய்ச்சல் வந்துச்சு. பெருசா ஒண்ணுமில்ல, சளி, ஒடம்பு வலி. படுத்து எந்திருச்சுட்டேன். எந்திருச்சு காப்பி குடிச்சா சுடுதண்ணி குடிச்சாப்புல இருக்குது. இட்லியத் தின்னா நனஞ்ச பஞ்சத் தின்னாப்புல. காய்ச்சலுக்கு நாக்கு செத்துப் போறது சகஜந்தானுங்களே, வந்துரும்னு நெனச்சேன். ஆருகிட்டயும் சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்குது? சமையலு எனக்குக் கையில இருக்குது, அளவெல்லாம் கண்ணுல இருக்குது. நாக்கு வேணுமா என்ன? நான் பாட்டுக்குப் பொங்கிப் போட்டுட்டு இருந்தேன்.

எங்கூட்டுக்காரரு ஒரு குத்தம் சொல்லலீங்க. எப்பவும் போல உக்காந்தாரு, தின்னாரு, கையக் கழுவிட்டு எந்திருச்சுப் போனாரு. நல்லா இல்லாமயா ஒரு மனுசன் வழிச்சுத் திம்பாரு? பையந்தான் திடீர்னு மத்தியானச் சோத்துக்கு வர்றதில்ல. கேட்டா கடையில வேலையாமா. ராத்திரி வந்தா பசிக்கலையாமா. செரி, அவனுக்கு வேலைன்னு நான் இருந்தேன்.

இவ என்ன பண்ணுனா தெரியுங்களா? நான் குளிக்கப் போற நேரம் பாத்து அடுப்படிக்குள்ள போறது. ஒரு நாளைக்கு சோப்ப மறந்துட்டேன்னு பாதியில வெளிய வந்தேன். பாத்தா, என்ற கொழம்புச் சட்டிய இவ தொறந்து வெச்சுட்டு, ஒரு உருளைக்கெழங்க அறுத்து உள்ள போட்டுட்டு இருக்கறா.

"ஏம்புள்ள, என்ற கொழம்புல எதுக்குக் கைய வெக்கற?"

"இல்லீங்கத்தை, சும்மாதானுங்க. மாமாவுக்கு உருளைக்கெழங்கு புடிக்குமேன்னு."

உப்பு எச்சாப் போனா உருளைக்கெழங்கு போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் போட்ட உப்பு எச்சாயிருச்சுன்னு இவ சொல்லாமச் சொல்றா. மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன். சொல்ல மாட்டா. திருட்டுத்தனமா சட்டிய நேர் பண்ணி வெச்சுட்டு, மாமியாளுக்கே நல்ல பேரு வர்றாப்புல பண்ணுவா. இப்படியொரு அழுத்தம் நீங்க எங்காச்சும் பாத்திருக்கறீங்களா?

அப்பறம் அந்தக் கேஸு சங்கதி. பால அடுப்புல வெச்சுட்டு, கீழ உக்காந்து அவரைக்காய் ஆய்ஞ்சுட்டு இருந்தேன். பாலு பொங்கி அடுப்பு அணைஞ்சு போயிருக்குது. எனக்கு எப்படித் தெரியும்? நான் காயைப் பாத்துட்டு இருக்கறேன். இவ மாடியில துணி ஒணத்திட்டு இருந்தவ, திடுதிடுன்னு ஓடி வந்தா. சிலிண்டரத் திருகி மூடுனா, சன்னலத் தள்ளுனா, என்ற கையப் புடிச்சு தரதரன்னு வாசலுக்கு இழுத்துட்டுப் போனா. மாமியாள, கையப் புடிச்சு, தெருவே பாக்க! எதுத்த வீட்டுக்காரி என்னமோன்னு ஓடியாந்துட்டா.

"உட்றி கைய"ன்னு கத்துனேன்.

"அத்தை, உங்களுக்கு வாசமே தெரியலீங்களா?"ன்னு கேக்கறா. கேட்டுப்போட்டு, வாசப்படியிலயே உக்காந்து அழுகறா. ஆரு அழுகோணும்? இழுபட்டது நானு!

எனக்கு வாசம் தெரியாத சங்கதி அன்னைக்கு வெளிய வந்துருச்சுங்க. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அந்த டாக்டரு சின்ன வயசு. கண்ண மூடச் சொல்லி, டப்பா டப்பாவா மூக்குக்குக் கிட்டக் கொண்டாந்து, இது என்ன, இது என்னன்னு கேட்டாரு. நான் ஒண்ணுக்குக் கொத்தமல்லின்னேன், ஒண்ணுக்குச் சோப்புன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, மூக்கு நரம்பு அடி வாங்கியிருக்குது, வாசம் போனா ருசியும் கூடப் போயிரும், சில பேருக்குத் திரும்ப வரும், சில பேருக்கு வராதுன்னு சொன்னாரு. கொத்தமல்லின்னு நான் சொன்னது காப்பித்தூளாமா. எத்தன நாளைக்கு முன்னால அரைச்சதோ, அதுல என்ன வாசம் இருக்கும்? அதையச் சொன்னா பையன் என்னைய மொறைக்கறான்.

வீட்டுக்கு வந்ததும் இவ மொத வேலையா கேஸு அடுப்ப எடுத்து மேல அட்டாலியில தூக்கிப் போட்டா. கரெண்டு அடுப்பு ஒண்ணு வாங்கி வெச்சா. தொட்டா கிய்யுன்னு சத்தம் போடும், நெருப்பே இருக்காது. நெருப்பு இல்லாதது ஒரு அடுப்பா? "இது உங்களுக்குப் பயமில்லீங்கத்தை"ங்கறா. எனக்கு எப்பப் பயம் இருந்துச்சு?

அதோட வுட்டாங்களா? எங்க நாத்தனா சிவகாமி, அவ பையனுக்கு நிச்சயம் வெச்சா. பந்திக்கு முன்னால சமையக்காரரு, உப்புப் பாக்க வாங்கன்னு கூப்புட்டாரு. நான் சேலைத் தலப்பச் சொருவிட்டு எந்திருச்சுட்டேன். இவ, சிவகாமி, அத்தன சொந்தக்காரங்க, ஒறம்பரைக்கு மத்தியில, "அண்ணி, நீங்க உக்காருங்க. கோகிலா போயிப் பாக்கட்டும்"ங்கறா. கோகிலா, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க, அத்தையே பாக்கட்டும்"னு பின்னால நகுந்தா. நகுந்தாலும், சிவகாமி புடிச்சுத் தள்ளுன ஒடனே போயிட்டாளா இல்லையா? நான் எந்திருச்சவ எந்திருச்சாப்புலயே நின்னேன். அத்தன பேரும் எலையப் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. ஒருத்தராச்சும் என்ற மூஞ்சியப் பாக்கோணுமே! நேரா வெளிய வந்து கார்ல உக்காந்துட்டேன். சோறு திங்கல.

அன்னையில இருந்து வீட்டுலயும் எனக்குச் சோறு எறங்கல. எறங்கலன்னா, கோவத்துலன்னு நெனைக்காதீங்க. வாயில போட்டா மண்ணுங்க. மண்ணுல கூட ஒரு ருசி இருக்கும், மாசமா இருந்தப்பத் தின்னிருக்கறேன். இது அதுவும் இல்ல. மென்னு மென்னு, இத எதுக்கு முழுங்கோணும்னு தோணிப் போயிரும். மோருல ரெண்டு வாய் கரைச்சுக் குடிச்சுட்டு எந்திருச்சுருவேன். ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது. எங்கூட்டுக்காரரு என்ற தட்டப் பாப்பாரு, என்னையப் பாப்பாரு, எந்திருச்சுத் தோட்டத்துக்குப் போயிருவாரு.

இவளும் சும்மா இருக்க மாட்டா. எலுமிச்சங்கா அறுத்துத் தருவா, இஞ்சியத் தட்டித் தருவா, ஐஸ்கிரீம் வாங்கியாருவா. என்னமோ பச்சக் கொழந்தைக்கு வேடிக்கை காட்டறாப்புல. நான் தொட மாட்டேன். அப்படி ஒரு நாளைக்குத்தான் இதையக் கொண்டாந்தா. ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடால கொக்கோ வெச்சிருக்கறாங்கல்லோ, அதுல ஒருத்தரு தோட்டத்துலயே சாக்லேட்டு பண்றாராமா. இவ பள்ளிக்கூடத்துச் சேக்காளி அங்க வேலையில இருக்கறா.

"அத்தை, இதைய ஒரு துண்டு வாயில போட்டுப் பாருங்க. மொளகா போட்டதுங்க."

எனக்கு எங்கிருந்து வந்துச்சோ அவ்வளவு கோவம். "ஏம்புள்ள, ருசி தெரியாதவதானன்னு கேலியா? சாக்லேட்டுல மொளகாயப் போட்டுக் குடுத்தாத் திம்பா, இவளுக்கு என்ன தெரியும்னு ரெண்டு பேரும் சேந்து சிரிக்கறீங்களா?"

அவ அதைய மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டா.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எங்கூட்டுக்காரருக்கு வயித்துப் புண்ணு. வருசக்கணக்கா எங்க வீட்டுல மொளகா கெடையாது. கொழம்புக்கு மல்லி, சீரகம், பேருக்கு ரெண்டு மெளகு, அவ்வளவுதான். அவரு திங்காத காரத்த நான் மட்டும் எதுக்குத் திங்கோணும்னு நானும் வுட்டுட்டேன். அது நெனப்புல இருக்கட்டும்.

மத்தியானம் வீட்டுல ஆரும் இல்ல. இவ வர்ற நேரத்துக்கு வாயில போட்டு, அவ கண்ணு முன்னாலயே துப்போணும்னு நெனச்சேன். அதுக்குத்தான் எடுத்தேன், சத்தியமா அதுக்குத்தான். காயிதத்தப் பிரிச்சா கருகருன்னு இருக்குது. படக்குனு ஒடையுது. வாயில போட்டேன். மெழுகுவத்திய வாயில போட்டாப்புல வழுவழுன்னு கெடந்துச்சு. கரைஞ்சு ஓடுச்சு. ஒண்ணுமே இல்ல. அட, இதுவும் அப்படித்தான்னு முழுங்கிட்டேன்.

முழுங்குனதுக்கு அப்பறம் வருதுங்க அது! கொழம்புல மொளகா கடிச்சா சுருக்குனு குத்துமல்லோ, அப்படி இல்ல. ஒளிஞ்சிருந்து வருது. அடி நாக்குல ஒரு பொறி. அது அப்படியே கன்னத்துக்குள்ள பரவுது, காதுக்குள்ள போகுது. தொண்டையில எறங்குது. உச்சி மண்டை வேர்க்குது. மூக்குல தண்ணி, கண்ணுல தண்ணி. எத்தன மாசமாச்சு, என்ற வாயிக்குள்ள ஒண்ணு நடந்து! நான் கரெண்டு அடுப்புக்குக் கீழ தரையில உக்காந்துட்டேன். இன்னொரு துண்டு போட்டேன். மறுபடியும் வருது. உசுரு இருக்குதுங்க என்ற நாக்குல! செத்துப் போச்சுன்னு சொன்னாங்கல்லோ, அத்தன பேரையும் கூப்புட்டு நாக்க நீட்டிக் காட்டோணும்னு இருந்துச்சு.

இவ வந்து பாக்கறா. பொட்டலம் பாதி காலி. நான் தரையில உக்காந்து அழுதுட்டு இருக்கறேன். அழுகை இல்லீங்க, காரத்துக்கு வந்த தண்ணி.

"நாக்கு வந்துருச்சு, போ"ன்னேன். "போயி உங்க சிவகாமி அத்தைகிட்டச் சொல்லு. டாக்டருகிட்டச் சொல்லு."

அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. என்னமோ சொல்ல வாயத் தொறந்தா. அப்பறம், "செரிங்கத்தை, சந்தோசங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா. மாமியாளுக்கு நாக்கு வந்ததுல அவளுக்கு எத்தன வருத்தம் பாருங்க.

மக்யா நாளு விடிஞ்சதுமே கோழி வாங்கியாரச் சொன்னேன். அட்டாலியில இருந்து கேஸு அடுப்ப நானே எறக்குனேன், பையன் கத்திட்டே இருந்தான். வரமொளகாயக் கை நெறய எடுத்துக் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயம், தேங்காப் பல்லு, அவ்வளவுதான். மசாலா ஒண்ணும் இல்ல. வாயில வெச்சுப் பாத்தேன். எரிஞ்சுச்சு. நல்லா எரிஞ்சுச்சு. அத்தன மாசத்துல அன்னைக்குத்தான் ஒரு தட்டுச் சோறு தின்னேன். சத்தம் போட்டுச் சிரிச்சேன்னு நெனைக்கறேன். எங்கூட்டுக்காரரு என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் தட்ட என்ற பக்கம் நீட்டுனாரு.

"மாமா, உங்களுக்குத்தான் பருப்பு வெச்சிருக்கறனுங்களே"ன்னு இவ ஓடியாந்தா.

"நீ சும்மா இரு கண்ணு"ன்னாரு. நான் வெச்சேன். தின்னாரு. நெத்தியில இருந்து தண்ணி ஊத்துது, தின்னுட்டே இருக்கறாரு. இன்னும் ரெண்டு துண்டு வெச்சேன், அதையும் தின்னாரு. வேண்டாம்னு சொல்ல அவருக்கு வாயில்லையா? ஆகாதுன்னு தெரிஞ்ச மனுசன் எதுக்குத் திங்கோணும்? இத நான் டாக்டருகிட்டயே கேட்டேன்.

ஆமாங்க, பொழுது சாயறதுக்குள்ள வயித்தப் புடிச்சுட்டு சுருண்டுட்டாரு. வாந்தியில ரத்தம். தரணி கார எடுத்தான், உடுமலை ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். உள்ள கொழாயப் போட்டு, ஊசி போட்டு, புண்ணு கிளறிட்டுது, ரத்தம் நின்னுரும், ரெண்டு நாளைக்கு இங்கயே இருக்கட்டும்னாங்க. பையன் என்றகூடப் பேசல. "எல்லாம் உன்னாலதாம்மா"ன்னு கூடச் சொல்லல. சொல்லியிருந்தாத் தேவலாம்.

மக்யா நாளு அவரு கண்ண முழிச்சதும் நாந்தான் பக்கத்துல நின்னேன். "எதுக்குத் தின்னீங்க?"ன்னேன், கோவமாத்தான்.

"நீ சிரிச்சுட்டே தின்ன குணா. பாத்து எத்தன நாளாச்சு"ன்னாரு. சித்த நேரம் கழிச்சு, "கோழி நல்லாருந்துச்சு"ன்னாரு.

கண்ணாலம் கட்டி இத்தன வருசத்துல அந்த மனுசன் சாப்பாட்டப் பத்திச் சொன்ன மொத நாயம் அதுதானுங்க. மூக்குல கொழாயோட சொல்றாரு.

நான் வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தேன். இவ வந்து பக்கத்துல உக்காந்தா. பையத் தொறந்து, இதே பொட்டலம், ஒரு துண்ட எடுத்து நீட்டுனா. "காத்தாலருந்து நீங்க ஒண்ணும் திங்கலீங்கத்தை. வேற எதுவும் உங்களுக்கு எறங்காது."

நான் வாங்கல. "ஒண்ணு கேக்கறேன், நெசம் சொல்லோணும்"ன்னேன். "இது எதுக்கு எனக்கு வாங்கியாந்த?"

சொல்ல மாட்டேன்னுதான் இருந்தா. நான் வுடல. அப்பறம் தலையக் குனிஞ்சுட்டே சொன்னா. "அத்தை, காரங்கறது ருசி இல்லையாமா. அது நாக்கச் சுடறதாமா. கையில தீ பட்டாத் தெரியுமல்லோ, அது மாதிரி. வாசம் போனவங்களுக்கும் காரம் மட்டும் தெரியுமாமா. அதனால சில பேருக்குச் சாப்பாடு எறங்குமாமா. தேடித் தேடிப் படிச்சனுங்க. வீட்டுல மாமாவுக்காக மொளகாயே கெடையாது. சாக்லேட்டுன்னா உங்களுக்கு மட்டும் தனியாக் குடுக்கலாம்னு..."

"அப்ப என்ற நாக்கு வரல?"

அவ மெதுவாத் தலைய ஆட்டுனா, இல்லைன்னு. ஆசுபத்திரி வராண்டாவுல வெள்ளைச் சேலை கட்டுன நர்சம்மா ஒருத்தி தள்ளுவண்டிய உருட்டிட்டுப் போறா. அது மூலை திரும்பற வரைக்கும் பாத்துட்டு இருந்தேன்.

"வராட்டிப் போகுது"ன்னேன். "போனது போகட்டும். அதுக்காக நான் மூலையில உக்காந்துக்குவேன்னு நெனைக்காத."

"நான் எப்பங்கத்தை அப்படி நெனச்சேன்?"

"நீ என்ன நெனச்சயோ. இந்தா, இத நீ தின்னு. தின்னு பாத்து, இதுல என்னென்ன இருக்குதுன்னு சொல்லு."

அவளுக்குக் காரம் ஆகாதுங்க, சுத்தமா ஆகாது. பொறந்த வீட்டுலயே மோருஞ்சோறு தின்னு வளந்தவ. நான் சொன்னேன்னு ஒரு துண்ட வாயில போட்டா. கண்ண மூடிட்டா. "மொதல்ல கசப்புங்கத்தை"ன்னா. எந்தக் கசப்பு, பாகக்காய்க் கசப்பா, காப்பிக் கசப்பான்னேன். "காப்பிக் கசப்பு. இல்ல இல்ல, வெல்லம் பாகு முத்திக் கருகுமல்லோ, அது." ம், அப்பறம்? "பின்னால ஒரு புளிப்பு. நாகப்பழம் தின்னாப்புல. அப்பறம் வறுத்த தேங்கா வாசம்..." சொல்லிட்டே வந்தவ, மூச்சு வாங்கறா, மூஞ்சி செவக்குது, கண்ணுல கொடகொடன்னு தண்ணி. "காரம் வந்துருச்சுங்கத்தை!"

நான் இன்னொரு துண்ட என்ற வாயில போட்டுட்டேன். கருகுன வெல்லம், நாகப்பழம், வறுத்த தேங்கா. அவ சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் ஞாவகத்துல இருக்குதுங்க! ஒவ்வொண்ணையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். கடைசியில காரம் வந்துச்சு, அது மட்டும் என்ற சொந்தம். ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்து மூக்கச் சிந்திட்டு இருக்கறோம். போற வர்றவங்கெல்லாம், பாவம், ஆரோ போயிட்டாங்கன்னு பாத்துட்டுப் போறாங்க.

அன்னையில இருந்து எங்க வீட்டுல இப்படித்தான் நடக்குது. நான் நின்னு செய்வேன். அவ நாக்குல வெச்சுப் பாத்துச் சொல்லோணும். சும்மா நல்லாருக்குதுங்கத்தைன்னா வுட மாட்டேன். நல்லாருக்குதுன்னா என்ன? உப்பு முன்னால நிக்குதா, பின்னால நிக்குதா? புளி பச்சையா, வெந்திருச்சா? மொதல்லயெல்லாம் அவளுக்குச் சொல்லத் தெரியல. இப்பத்தான் சித்த வாயி வந்திருக்குது. சமையல் என்னுதுதானுங்க, அதுல மாத்தமில்ல. அவ வெறும் நாக்கு. என்ற நாக்க அவ வாயில வெச்சிருக்கறேன், அவ்வளவுதான். நேத்துக் கூட ரசத்துல கொத்தமல்லி தூக்கலா இருக்குதுன்னா. அதெல்லாம் இல்லைன்னு நான் சொல்லிட்டேன்.

சிவகாமி பையனுக்கு வைகாசியில கண்ணாலம் ஆச்சு. எங்கூட்டுக்காரரு, போலாமா வேண்டாமான்னு கேட்டாரு. எதுக்குப் போகக் கூடாது? போனேன். என்ற கையால மொய் வெச்சேன். சமையக்காரரு உப்புப் பாக்க ஆளு கூப்புட்டாரு. நான் எந்திருச்சேன்.

"அண்ணி, மறுபடியுமா?"ன்னு சிவகாமி வந்துட்டா. "உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியறதில்லயே. வயசானா உக்காந்து திங்கறதுதான அழகு?"

"ஆமா சிவகாமி"ன்னேன். மண்டபத்துல பாதிப் பேருக்குக் கேக்கறாப்புலத்தான் சொன்னேன். "எனக்கு உப்பும் தெரியாது, புளியும் தெரியாது. நீ மேல அடிச்சிருக்கற சென்ட்டும் தெரியாது, அது ஒரு வகையில புண்ணியம். ஆனா சாம்பாரு எப்படி இருக்கோணும்னு எனக்குத் தெரியும். அது நாக்குல இல்ல. கோகிலா, வா."

அவ கூச்சப்படறா. நான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன், தரதரன்னு. சமையக்காரரு கரண்டியோட நிக்கறாரு, ஆரு கையில ஊத்தறதுன்னு தெரியாம. அவ கைய நீட்ட வெச்சேன். நக்கிப் பாத்தா. அத்தன கூட்டமும் பாத்துட்டு இருக்குது.

"உப்பு செரிங்கத்தை. புளிப்பும் செரி. ஆனா முழுங்குனதுக்கு அப்பறம் என்னமோ கசக்குது. தொண்டையில நிக்குது."

"வெந்தயம் தீஞ்சிருக்குது"ன்னேன் சமையக்காரருகிட்ட. "தாளிச்சது ஆரு?" தாளிச்சவன் தலையச் சொறிஞ்சான். "வெல்லம் தட்டிப் போடுங்க. பூசணிக்கா இன்னொரு கூடை அரிஞ்சு போட்டு ஒரு கொதி வுடுங்க. கோகிலா, நீ இங்கயே நில்லு. கொதிச்சதும் பாத்துச் சொல்லு."

செரியாத்தான் வந்துச்சு. வராம? சிவகாமி பந்தியில ரெண்டாந்தடவ சாம்பாரு வாங்குனா, எங்கூட்டுக்காரரு பாத்தாராமா. எனக்கு அதெல்லாம் எதுக்கு, நான் பாக்கல.

என்ன கேட்டீங்க? திரும்ப வருமான்னா? போன வாரம் இஞ்சி தட்டறப்ப என்னமோ ஒரு நொடி வந்தாப்புல இருந்துச்சு. மறுபடி மோந்தேன், இல்ல. வந்தா வரட்டும், வந்து பாத்துட்டு அதுக்கு இங்க எடம் இருந்தா இருக்கட்டும். நான் ஒண்ணும் வாசல்ல நின்னு காத்துட்டு இருக்கல. இன்னைக்கு நானே தனியா பஸ் ஏறி ஆனைமலை போயிச் சாக்லேட்டு வாங்கிட்டு வாறேன். தரணி கார்ல கூட்டிட்டுப் போறேன்னான், வேண்டாம்னுட்டேன். அந்தத் தோட்டத்துக்காரரு, இன்னும் காரம் எச்சாப் போட்டு ஒண்ணு பண்ணித் தாறேன், தின்னு பாத்துச் சொல்லுங்கன்னாரு. சொல்றேன், மருமகளையும் கூட்டிட்டு வாறேன், காரத்துக்கு முன்னால வர்றதையெல்லாம் அவதான் சொல்லோணும்னேன்.

இப்பச் சொல்லுங்க, தப்பு ஆரு மேல? சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. இந்தக் காலத்துப் புள்ளைக எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேந்துக்குவீங்க.

உடுமலை வந்துருச்சு. அந்தப் பையச் சித்த எடுத்துத் தாங்க அம்மிணி. அதோ, அந்தப் பூக்கடைக்குப் பக்கத்துல, நீல வண்டி கிட்ட நிக்கறா பாருங்க, அவதான். வராத, நான் ஆட்டோ புடிச்சு வந்துக்கறேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தான? இந்த வெயில்ல, வயித்துல மூணு மாசத்தோட, தலையில ஒரு துணி கூடப் போடாம நிக்கறா. இருங்க, எறங்கிப் போயி நாலு போடு போடறேன்.